கொட்டகையில் பிறந்த கார்கள்

ஐம்பதுகளின் பிரிட்டனில் புதுக் கார் வாங்கினால் விலையோடு சேர்த்து பர்ச்சேஸ் டாக்ஸ் என்றொரு வரியும் கட்டியாக வேண்டும். சின்ன வரி இல்லை, கையைக் கடிக்கிற வரி. ஆனால் அதே காரை உதிரிப் பாகங்களாக வாங்கிப்போய் வீட்டுக் கொட்டகையில் நீங்களே பூட்டிக்கொண்டால் அந்த வரி கிடையாது. கிட் கார் என்கிற தொழில் தழைத்தது இந்த ஓட்டை வழியாகத்தான். அரசாங்கம் விட்டுவிடுமா? பாகங்களோடு பூட்டும் முறையை விளக்கும் குறிப்பு எதையும் கொடுக்கக்கூடாது என்று ஒரு நிபந்தனை இருந்தது. லோட்டஸ் கம்பெனி அதற்கு என்ன செய்தது என்று ஒரு கதை உண்டு. காரைப் பிரிப்பது எப்படி என்று குறிப்பு எழுதிக் கொடுத்தார்களாம். வாங்கியவர் கடைசி வரியிலிருந்து மேலே படித்துக்கொண்டு வர வேண்டியதுதான். இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு ஜோடனை என்பது இருக்கட்டும்; கிட் கார் ஆட்கள் கூடுகிற இடத்தில் இந்தக் கதை சொல்லப்படாமல் இருந்ததில்லை.

அந்தக் கார் 1957இல் வந்த லோட்டஸ் செவன். கதவு கிடையாது, கூரை பேருக்குத்தான். 1973 ஏப்ரல் 1 அன்று பர்ச்சேஸ் டாக்ஸ் போய் வாட் வரி வந்தது. பூட்டாத காருக்கும் வரி, பூட்டிய காருக்கும் வரி. அதே ஆண்டு லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் செவனின் உரிமையை கேட்டர்ஹாம் என்ற விற்பனையாளரிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார். நியாயமாகப் பார்த்தால் கிட் கார் என்ற சங்கதி அதோடு செத்திருக்க வேண்டும். மிச்சமாகும் பணத்துக்காகத்தானே இவ்வளவு நாள் கையைக் கிரீஸாக்கிக்கொண்டார்கள்?

சாகவில்லை. என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்தது அதுதான். வரிச் சலுகை போன பிறகும் ஜனங்கள் கொட்டகையில் கார் கட்டினார்கள் என்றால் வேறு ஏதோ ஆசை இருந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து இரண்டு ஆசைகள். ஒன்று, பந்தயக் காரைப் போல எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்த ஒரு வண்டி வேண்டும். இன்னொன்று, ஏழு ஜென்மம் சம்பாதித்தாலும் வாங்க முடியாத ஒரு பழைய காரில், அதன் நகலிலாவது, உட்கார்ந்து பார்க்க வேண்டும். மிட்-எஞ்சின் கிட்டா, ரெப்ளிகாவா? இன்றைக்கும் கொட்டகையைக் காலிசெய்துவிட்டு யோசிக்கிறவர் முன்னால் இருக்கும் கேள்வி இதுதான். மேலோட்டமாகப் பார்த்தால் அறிவுக்கும் ஆசைக்கும் நடுவிலான கேள்வி மாதிரி தெரியும். அவ்வளவு சுலபமில்லை.

முதலில் மிட்-எஞ்சின். காவடித் தண்டின் இரண்டு முனையிலும் நிறைகுடத்தைக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள். உடம்பு திரும்பும், குடம் திரும்பாது. அதே எடையை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டால் நினைத்த நொடியில் திரும்பலாம். காரிலேயே கனமான பொருள் எஞ்சினும் கியர்பாக்ஸும். அவற்றை இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் கொண்டுவந்தால் வளைவில் கார் உடனே தலை திருப்பும். (சீக்கிரம் திரும்புகிற வண்டி சீக்கிரம் சுழன்றும் போகும். மழையில் தெரியும்.)

ஆனால் இந்த அமைப்பு ஜெயித்தது இயற்பியல் பாடத்தால் அல்ல. போருக்குப் பிறகு, 1946இல், லண்டன் அருகே சர்பிடனில் கராஜ் வைத்திருந்த சார்ல்ஸ் கூப்பரும் மகன் ஜான் கூப்பரும் ஒரு சின்னப் பந்தயக் கார் கட்டினார்கள். இரண்டு பழைய ஃபியட் டோபோலினோ கார்களின் முன்பகுதிகளை வெட்டி எடுத்து முதுகோடு முதுகு ஒட்டி ஒரே சேசிஸ் ஆக்கினார்கள். எஞ்சின், 500 சிசி மோட்டார் சைக்கிள் எஞ்சின். அதற்கு செயின் டிரைவ்தான். செயின் பின்சக்கரத்துக்குப் போக வேண்டும் என்றால் எஞ்சின் பின்னால் இருப்பதுதான் வசதி. அவ்வளவுதான் காரணம். அந்த வசதி வளர்ந்து வளர்ந்து, 1958 அர்ஜென்டினா கிராண்ட் பிரீயில் ஸ்டர்லிங் மாஸ் ஒரு கூப்பரில் ஜெயித்தார். 1959இலும் 1960இலும் ஜாக் பிராபம் கூப்பரில் உலக சாம்பியன். மாடு வண்டியை இழுக்க வேண்டுமே தவிர தள்ளக்கூடாது என்ற கட்சியில் இருந்த என்ஸோ ஃபெராரியும் எஞ்சினைப் பின்னால் தள்ளினார். யோசித்துப் பார்த்தால் அந்த முதல் கூப்பரே ஒரு கிட் கார்தான். யாரோ கழித்துப்போட்ட காரின் பாகங்கள், கையில் கிடைத்த எஞ்சின், ஒரு வெல்டிங் செட்.

1966இல் லம்போர்கினி மியூரா வந்ததும் மிட்-எஞ்சின் தெருவுக்கு வந்துவிட்டது. பணக்காரர்களின் தெருவுக்கு. சாதாரண ஆளுக்கு அதைக் கொண்டுவந்து சேர்த்தது, நீங்கள் எதிர்பார்க்காத ஒரு வண்டி: மினி.

1959இல் அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மினியில் எஞ்சின் குறுக்குவாட்டில் இருக்கும், கியர்பாக்ஸ் அதன் அடியிலேயே. எல்லாம் சேர்ந்து ஒரு சப்ஃபிரேமில் உட்கார்ந்து முன்சக்கரத்தைச் சுழற்றும். போல்ட்டுகளைக் கழற்றினால் எஞ்சின், கியர், சக்கரம், சஸ்பென்ஷன் மொத்தமும் ஒரே கட்டாகக் கையோடு வந்துவிடும். அந்தக் கட்டை அப்படியே தூக்கி சீட்டுக்குப் பின்னால் வைத்தால்? ஸ்டியரிங் திரும்பாமல் பூட்டிவிட்டால் மிட்-எஞ்சின் கார் தயார். 1966இல் யூனிபவர் ஜிடி, அடுத்த ஆண்டு காக்ஸ் ஜிடிஎம் எல்லாம் இந்த யோசனையின் பிள்ளைகள். பெரிய கம்பெனிகளும் இதையே செய்தன. ஃபியட் தன் 128 காரின் முன்பக்க எஞ்சினைப் பின்னால் நகர்த்தி 1972இல் எக்ஸ்1/9 என்று விற்றது.

லோட்டஸ் யூரோப்பாவின் கதை இன்னும் ருசி. அதற்கு ரெனோ 16 காரின் எஞ்சினும் கியர்பாக்ஸும் எடுத்துக்கொண்டார்கள். ரெனோவில் கியர்பாக்ஸ் முன்னால், எஞ்சின் பின்னால். யூரோப்பாவில் எஞ்சின் முன்னால் வர வேண்டும் என்பதால் மொத்தக் கட்டையும் 180 டிகிரி திருப்பினார்கள். திருப்பினால் என்ன ஆகும்? சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். நான்கு ரிவர்ஸ் கியர், ஒரே ஒரு முன் கியர்! டிஃபரன்ஷியலில் உள்ள கிரவுன் வீலைப் பினியனின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு மாற்றிப் பூட்டி அதைச் சரிசெய்தார்கள். மென்பொருள் எழுதுகிறவனாக இந்த இடத்தில் எனக்கு ஒரு புன்னகை வந்தது. எவனோ எழுதிய நூலகத்தைத் தலைகீழாகக் கூப்பிட்டுவிட்டு, கடைசியில் ஒரே ஒரு மைனஸ் குறி போட்டுச் சரிக்கட்டுகிற வேலை. நாங்கள் தினமும் செய்வதுதான்.

சரி, ரெப்ளிகா பக்கம் வருவோம். உலகத்தில் அதிகம் நகலெடுக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் எது என்று கேட்டால் யோசிக்காமல் கோப்ரா என்பார்கள். கரோல் ஷெல்பி டெக்ஸாஸ்காரர். 1959 லெ மான் பந்தயத்தில் ஜெயித்தவர். இதயக் கோளாறால் பந்தயத்தை விட்டார். பிரிட்டனில் ஏசி என்ற சின்ன கம்பெனி ஏஸ் என்று ஒரு அழகான கார் செய்துகொண்டிருந்தது. அதற்கு வந்துகொண்டிருந்த பிரிஸ்டல் எஞ்சின் நிற்கப்போகிறது என்று தெரிந்ததும், உங்கள் பாடி, ஃபோர்டின் வி8 எஞ்சின், நடுவில் நான் என்று ஷெல்பி ஏற்பாடு செய்தார். 1962இல் முதல் கோப்ரா ஓடியது. இருந்தது ஒரே ஒரு கார். பத்திரிகைக்குப் பத்திரிகை வேறு வேறு நிறத்தில் பெயின்ட் அடித்து அனுப்பி, தொழிற்சாலையில் நிறையக் கார்கள் இருப்பதாக நம்பவைத்தார்கள். 1967க்குள் எல்லாம் முடிந்தது. மொத்தம் சுமார் ஆயிரம் கார்கள்.

இந்த ‘ஒரிஜினல்’ எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பின்னால் போனால் சங்கடமான ஒரு விஷயம் கிடைக்கிறது. ஏசி ஏஸ், ஜான் டொஜெய்ரோ என்பவர் கட்டிய ஒரு தனிப் பந்தயக் காரிலிருந்து வந்தது. அந்தக் காரின் பாடி ஃபெராரி 166 பார்கெட்டாவைப் பார்த்து அடித்தது. கொஞ்சம் சாயல் என்றெல்லாம் இல்லை. படங்களைப் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி. ஆக, இன்று ஒருவர் கொட்டகையில் கோப்ரா ரெப்ளிகா கட்டுகிறார் என்றால், அவர் ஒரு ஃபெராரி நகலின் வாரிசின் நகலைக் கட்டுகிறார். யாரைப் பார்த்து யார் சிரிப்பது?

கோப்ரா இவ்வளவு நகலானதற்கு அழகு மட்டும் காரணமில்லை. அடியில் இரண்டு தடித்த குழாய்களை வைத்து வெல்ட் செய்த ஏணி மாதிரியான சேசிஸ். கரூரில் பஸ் பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்குப் புரியும்: சேசிஸ் தனி, பாடி தனி என்றால் எவர் பாடியையும் எவர் சேசிஸ் மேலும் வைக்கலாம். கூரை இல்லை, வளைந்த பக்கவாட்டுக் கண்ணாடி இல்லை. கண்ணாடியைச் செய்வது சின்னப் பட்டறைகளுக்குக் கடைசிவரை தலைவலி. எஞ்சின் முன்னால், சக்கரச் சுழற்சி பின்னால். அந்தக் காலத்துச் சாதாரண செடான்களின் அதே அமைப்பு. பிரிட்டனில் துருப்பிடித்த ஜாகுவாரின் சஸ்பென்ஷனும் ரோவர் வி8 எஞ்சினும் கோப்ராவுக்குள் போயின. அமெரிக்காவில் 1995இல் தொடங்கிய ஃபேக்டரி ஃபைவ் கம்பெனி ஒரு மஸ்டாங்கைப் பிரித்து அதிலிருந்தே பெரும்பாலான பாகங்களை எடுத்துக்கொள்ளும்படி கிட் போட்டது. ஷெல்பி அவர்கள் மேல் வழக்குப் போட்டார். விஷயம் உடன்பாட்டில் முடிந்தது, கிட்டுகள் நிற்கவில்லை.

பாடி எப்படி வருகிறது? ஒரிஜினல் காரின் மேல் மெழுகு தடவி, ஃபைபர்கிளாஸ் பாயை ரெசினில் நனைத்துப் படியவைத்து அச்சு எடுத்துவிடுவார்கள். அந்த அச்சுக்குள் முதலில் ஜெல்கோட், பிறகு மறுபடி பாயும் ரெசினும். ஏசியில் அலுமினியத் தகட்டைக் கையால் தட்டித் தட்டி வளைத்த வேலை, இங்கே தாளை ஒட்டுகிற மாதிரி முடிகிறது. அச்சில் ஒரு பள்ளம் இருந்தால் அதிலிருந்து வரும் எல்லாக் காரிலும் அதே பள்ளம்.

இரண்டு ஆசைகளும் ஒரே வண்டியில் சேர்கிற இடம் ஒன்று உண்டு. 1966 முதல் 1969 வரை நான்கு முறை தொடர்ந்து லெ மான் ஜெயித்த ஃபோர்டு ஜிடி40. மிட்-எஞ்சின், அதோடு பெரிய வரலாறு. எண்பதுகளிலிருந்து பிரிட்டனில் அதன் ரெப்ளிகாக்கள் வந்தன. பந்தயக் காருக்குள் இருந்த விலையுயர்ந்த கியர்பாக்ஸுக்குப் பதில் ரெனோவின் சாதாரண கியர்பாக்ஸ். இந்த வண்டியில் எனக்குப் பிடித்த இடம் கூரையில் ஓட்டுநர் தலைக்கு மேல் இருக்கும் ஒரு புடைப்பு. பந்தய வீரர் டான் கர்னி ரொம்ப உயரம். ஹெல்மெட் போட்டால் தலை இடித்தது. கூரையில் அவருக்காக ஒரு குமிழ் வைத்தார்கள். 1967இல் அப்படிக் குமிழ் வைத்த மார்க் IV காரில் அவரும் ஏ.ஜே. ஃபாய்ட்டும் லெ மான் ஜெயித்தார்கள். அந்தக் குமிழை இன்று ரெப்ளிகாக்களிலும் வைத்துத் தருகிறார்கள். என் உயரத்துக்கு அது துளியும் தேவையில்லை. ஆனால் நான் ஜிடி40 கட்டினால் குமிழ் வைப்பேனா என்று கேட்டால், கட்டாயம் வைப்பேன். ரெப்ளிகா என்றால் என்ன என்று என்னிடம் யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்: இன்னொருவர் தலைக்குச் செய்த இடத்தையும் சேர்த்து நகலெடுப்பது.

அமெரிக்காவில் இந்தச் சேர்க்கை வேறு விதமாக நடந்தது. 1984 முதல் 1988 வரை போன்டியாக் ஃபியரோ என்ற மலிவான மிட்-எஞ்சின் கார் சுமார் 3,70,000 விற்றது. அதன் பின்பகுதியும் முன்சக்கர டிரைவ் காரின் முன்பகுதியைப் பின்னால் தள்ளியதுதான். வெளியே இருந்தது கழற்றக்கூடிய பிளாஸ்டிக் பலகைகள். கழற்றிவிட்டு ஃபெராரி, லம்போர்கினி மாதிரி பலகைகளை மாட்டினால் எதிர்வீட்டுக்காரர் வாயைப் பிளப்பார். ‘மியாமி வைஸ்’ தொடரின் முதல் இரண்டு சீசன்களில் நாயகன் ஓட்டிய கறுப்பு ஃபெராரி டேடோனாவே கார்வெட் மேல் கட்டிய நகல்தான். ஃபெராரிக்குக் கோபம் வந்தது. கடைசியில் அவர்களே நிஜ டெஸ்டரோசா கார்களைத் தொடருக்குக் கொடுத்தார்கள், பொய் டேடோனா கதையிலேயே வெடித்துச் சிதறியது.

டேடோனாவையும் டெஸ்டரோசாவையும் நகலெடுத்து விற்ற ராபர்ட்ஸ் என்பவருக்கு எதிரான வழக்கில் 1991இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஃபெராரி பக்கம் தீர்ப்பளித்தது. வாதம் சுவாரசியமானது. வாங்குகிறவருக்கு இது ஃபெராரி இல்லை என்று தெரியும், ஆகவே யாரும் ஏமாறவில்லை என்றது ராபர்ட்ஸ் தரப்பு. தெருவில் பார்க்கிறவர் ஏமாறுகிறாரே என்றது நீதிமன்றம். சட்டம் கவலைப்பட்டது பணம் கொடுத்தவரைப் பற்றி அல்ல, நடைபாதையில் நின்று பார்க்கிறவரைப் பற்றி! ரெப்ளிகா கட்டுகிறவரின் ரகசியத்தை அந்த நீதிபதிகள் போட்டு உடைத்துவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது.

வேலை நிமித்தம் இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில் சில மாதங்கள் இருந்தபோது, ஒரு ஞாயிறு பப் வாசலில் நீலக் கோப்ரா நின்றது. பக்கத்தில் பெரியவர் ஒருவர். எல்லோரும் கேட்பதை நானும் கேட்டேன்: நிஜமா? அவர் பானட்டைத் தட்டிக் காட்டி, தட்டினால் சத்தம் வருகிறது, நிஜம்தான் என்றார். கட்ட எவ்வளவு நாள் ஆச்சு என்று கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் போல.

அதே மிட்லண்ட்ஸில், ஹிங்க்லி என்ற ஊரில்தான் அல்டிமா இருக்கிறது. எதன் நகலும் இல்லாத மிட்-எஞ்சின் கிட். அதை முதலில் வடிவமைத்தவர் லீ நோபிள். இவர் ரெப்ளிகாவை இளக்காரமாகப் பார்த்தவர் என்று நினைத்தால் தப்பு. அரிதிலும் அரிதான ஃபெராரி 330 பி4 பந்தயக் காரின் ரெப்ளிகாவையும் இவர்தான் செய்தார். ஒரே கை, இரண்டு வேலை. பிறகு 1992இல் அல்டிமாவின் உரிமை டெட் மார்லோவிடம் போனது. உள்ளே ஷெவர்லே வி8, போர்ஷே கியர்பாக்ஸ். 0–100 மைல், திரும்பவும் 0 என்பதைப் பத்து நொடிக்குள் முடித்த வண்டி, வீட்டில் கட்டக்கூடியது.

மெக்லாரன் எஃப்1 காரை உருவாக்கியபோது கோர்டன் மர்ரியின் குழு இரண்டு அல்டிமா கிட்டுகளை வாங்கியது. ஆல்பர்ட், எட்வர்ட் என்று பேர் வைத்தார்கள். ஆல்பர்ட்டில் கியர்பாக்ஸ் சோதனை, எட்வர்ட்டில் பிஎம்டபிள்யூவின் வி12 எஞ்சின் சோதனை. நடுவில் ஓட்டுநர் இருக்கை. அன்றைய உலகின் மிக வேகமான தெருக் கார், கிட் காரின் எலும்புக்கூட்டுக்குள் நடை பழகியது. வேலை முடிந்ததும் இரண்டையும் அழித்துவிட்டார்கள். எங்கள் தொழிலில் டெஸ்ட் சர்வரை அணைப்பது மாதிரி. முதல் கோப்ரா 2016இல் ஏலத்தில் 1,37,50,000 டாலருக்குப் போனது.

என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதற்குள் தெரிந்திருக்கும். மிட்-எஞ்சின். ஆனால் அதைக் கட்டுவதன் கஷ்டத்தைச் சொல்லாமல் விடுவது அயோக்கியத்தனம். ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால். சுடுதண்ணீர்க் குழாய்கள் வண்டியின் நீளம் முழுக்கப் போய்த் திரும்ப வேண்டும். எங்காவது ஒரு மேட்டில் காற்று சிக்கினால் எஞ்சின் கொதித்துவிடும். கியர் லீவரிலிருந்து கியர்பாக்ஸ் வரை நீண்ட கேபிள். அது கொஞ்சம் இழுபட்டாலும் மூன்றாவது கியர் எங்கே என்று தேட வேண்டும். ஸ்பார்க் பிளக் மாற்ற உடம்பை மடித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். கோப்ராவிலோ பானட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணெதிரே. பாதியில் நின்றுபோன கிட்டுகள் விற்பனைக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன்: சேசிஸ் ஒரு பக்கம், பெட்டி பிரிக்காத பாகங்கள் ஒரு பக்கம். ஒரு கதை கூடவே இருந்தால் அந்த மூன்றாவது குளிர்காலத்தையும் தாண்டலாம். ரெப்ளிகா கட்டுகிறவருக்கு அந்தக் கதை கிட்டோடு வருகிறது, லெ மான், ஷெல்பி, நீல நிறம், வெள்ளைக் கோடு. அல்டிமா கட்டுகிறவருக்கு வெறும் வரைபடம்தான் துணை.

சட்டமும் கதை பக்கமே சாய்ந்துவிட்டது. 2015இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. சின்னத் தயாரிப்பாளர்கள் ஆண்டுக்கு 325 கார்கள் வரை, இன்றைய காருக்கான மோதல் பாதுகாப்பு விதிகள் இல்லாமல், முழுசாகவே கட்டி விற்கலாம். எஞ்சின் புகை விதிக்கு விலக்கு இல்லை. நிபந்தனை: கார் குறைந்தது 25 வருடம் பழைய ஒரு மாடலைப் போல இருக்க வேண்டும், அதன் வடிவத்துக்கு உரிமம் வாங்கியிருக்க வேண்டும். அதாவது நகலாக இருந்தால் சலுகை. சொந்தமாக யோசித்து வரைந்திருந்தால் பழையபடி பெட்டியில் போட்டு கிட்டாகத்தான் விற்க வேண்டும். பர்ச்சேஸ் டாக்ஸ் காலத்தில் பூட்டாமல் இருந்தால் சலுகை, இப்போது புதிதாக இல்லாமல் இருந்தால் சலுகை.

பிரிட்டனில் எந்தப் பாரபட்சமும் இல்லை. 1998 முதல் கிட் கார் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பரிசோதனைக்குப் போக வேண்டும். விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, பிரேக் இரு பக்கமும் சமமாகப் பிடிக்கிறதா, கண்ணாடியில் பின்னால் எவ்வளவு தெரிகிறது என்று பார்ப்பார்கள். பாகங்களின் வயதை நிரூபிக்க முடியாத வண்டிக்கு க்யூ எழுத்தில் தொடங்கும் நம்பர் பிளேட். வயது தெரியாது என்று அர்த்தம். அல்டிமாவோ கோப்ராவோ, ரசீதைத் தொலைத்துவிட்டுப் போனால் இரண்டுக்கும் அதே க்யூதான்.